நிற்கிறதா, கடக்கிறதா, மோதுகிறதா: பிளெண்டரில் கீஃப்ரேம் ஈசிங்கைக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பெட்டியை 1-ஆம் ஃப்ரேமில் (அனிமேஷனின் ஒரு படத்தில்) ஓரிடத்திலும் 25-ஆம் ஃப்ரேமில் வேறோரிடத்திலும் வைத்துக் கீஃப்ரேம் (அந்த ஃப்ரேமில் பொருள் இருக்கும் நிலையைப் பதியும் குறி) இட்டால், நாம் செய்தவை 2 ஃப்ரேம்கள். இடையில் உள்ள 23 ஃப்ரேம்களையும் மென்பொருளே நிரப்பிக்கொள்கிறது. பார்ப்பவர் கண்ணில் படுவதில் பெரும்பகுதி நாம் தொடாத அந்த 23 ஃப்ரேம்கள்தான் என்பதால், அவை எப்படி நிரப்பப்படுகின்றன என்பதை முடிவு செய்யும் ஈசிங்கை மென்பொருளின் விருப்பத்துக்கு விட்டுவிடுவது, வேலையின் பெரும்பகுதியை விட்டுவிடுவதற்குச் சமம்.

தொடக்கத்தில் பலரும் எல்லாக் கீஃப்ரேம்களையும் ஒருசேரத் தேர்ந்தெடுத்து ஒரே கட்டளையில் மென்மையாக்கிவிடுகிறார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் செய்துவந்தேன். அவ்வாறு செய்த அசைவு முதல் பார்வைக்கு அழகாகத் தோன்றினாலும், சற்று நேரத்தில் எல்லாப் பொருள்களும் தண்ணீருக்குள் மிதப்பது போலக் காட்சியளிக்கும். கல்லுக்கும் எடை இருக்காது, பந்துக்கும் எடை இருக்காது. ஒவ்வொரு கீஃப்ரேமிலும் பொருள் அந்த நொடியில் நிற்கிறதா, அவ்விடத்தைக் கடந்து போகிறதா, எதன் மீதாவது மோதுகிறதா என்று கேட்டுப் பழகிய பிறகே எனக்கு இந்த வேலை பிடிபட்டது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கேள்வியையே பிடித்துக்கொண்டு செல்கிறது. விளக்கத்துக்கு, எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அடோபியின் அனிமேஷன் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் வேறுபடும் இடங்களை ஆங்காங்கே குறிப்பிடுகிறேன்.

தொடங்கும் முன்: ஃப்ரேம் வேகமும் ஓட்டிப் பார்ப்பதும்

ஃப்ரேம் வேகத்தை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். பிளெண்டர் வினாடிக்கு 24 ஃப்ரேம் என்ற அமைப்போடு திறக்கிறது. இந்தியத் தொலைக்காட்சிக்கான வேலை என்றால் 25 தேவைப்படும். ஈசிங் எல்லாம் முடிந்த பிறகு இந்த எண்ணை மாற்றினால், கீஃப்ரேம்கள் அதே ஃப்ரேம் எண்களிலேயே இருக்க, அசைவின் கால அளவு மட்டும் மாறிவிடும்; பார்த்துப் பார்த்துச் சரிசெய்த வேகம் அனைத்தும் குலையும்.

அடுத்தது, நாம் பார்ப்பது உண்மையான வேகம்தானா என்பது. காட்சி கனமாக இருந்தால் வியூபோர்ட் (நாம் வேலை செய்யும் காட்சிச் சாளரம்) வினாடிக்கு 24 ஃப்ரேம் ஓட்ட முடியாமல் திணறி 11 அல்லது 15 மட்டுமே ஓட்டும். அந்த மெதுவான ஓட்டத்தைப் பார்த்து ஈசிங்கைத் திருத்தினால், இறுதி ரெண்டரில் (கணினி உருவாக்கித் தரும் முடிவான வீடியோவில்) எல்லாம் அவசரமாக ஓடும். ஓட்டும்போது வியூபோர்ட்டின் மேல்மூலையில் தெரியும் எண் சிவப்பாக மாறினால், ஓட்டம் உரிய வேகத்தில் இல்லை என்று பொருள். டைம்லைனின் பிளேபேக் மெனுவில் சின்க் என்பதை ஃப்ரேம் டிராப்பிங் என்று மாற்றினால், சில ஃப்ரேம்கள் விடுபட்டாலும் கால அளவு சரியாக இருக்கும். அதைவிட நல்லது, வியூ மெனுவில் உள்ள வியூபோர்ட் ரெண்டர் அனிமேஷன் மூலம் விரைவாக ஒரு வீடியோ எடுத்துப் பார்ப்பது.

வளைகோட்டைப் படித்தல்

டைம்லைனில் கீஃப்ரேம்கள் புள்ளிகளாக மட்டுமே தெரிவதால் அங்கு ஈசிங்கைப் பார்க்க முடியாது. கிராஃப் எடிட்டரைத் திறக்க வேண்டும்; கீஃப்ரேம்களை வரிசைகளாகக் காட்டும் டோப் ஷீட்டில் இருந்தால் கண்ட்ரோல் + டேப் அழுத்தினாலே அதற்கு மாறிவிடலாம். வளைகோடு திரைக்கு வெளியே எங்கோ கிடந்தால் ஹோம் விசை அதை முழுவதுமாகக் காட்டும். மீட்டர் கணக்கில் ஓடும் இடப்பெயர்ச்சியும் பாகைக் கணக்கில் ஓடும் சுழற்சியும் ஒரே திரையில் இருக்கும்போது ஒன்று மலையாகவும் மற்றொன்று தரையோடு தரையாகவும் தெரியும்; நார்மலைஸ் பொத்தானை அழுத்தினால் இரண்டும் ஒப்பிடக்கூடிய உயரத்துக்கு வந்துவிடும்.

இந்த வரைபடத்தில் கிடைமட்ட அச்சு காலம், செங்குத்து அச்சு மதிப்பு. கோடு செங்குத்தாக ஏறும் இடத்தில் பொருள் வேகமாக நகர்கிறது. சாய்வு குறையும் இடத்தில் மெதுவாகிறது. கிடையாகப் படுத்திருக்கும் இடத்தில் நிற்கிறது. சாய்வுதான் வேகம் என்ற இந்த ஒன்று மனத்தில் பதிந்துவிட்டால், அனிமேஷனை ஓட்டாமலேயே வளைகோட்டைப் பார்த்து அசைவைச் சொல்லிவிட முடியும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு பெட்டி 1-ஆம் ஃப்ரேமிலிருந்து 25-ஆம் ஃப்ரேமுக்குள், அதாவது 1 வினாடியில், 8 மீட்டர் நகர்கிறது. லீனியர் முறையில், ஒவ்வொரு கால் வினாடிக்கும் 2 மீட்டர் வீதம் போகும்: 2, 4, 6, 8. தொடக்கத்திலும் முடிவிலும் ஹேண்டில்களை (வளைகோட்டின் வடிவை மாற்ற, கீஃப்ரேமிலிருந்து நீளும் கைப்பிடிகளை) கிடையாக வைத்து, அவற்றின் நீளத்தை இடைவெளியில் மூன்றில் ஒரு பங்காக அமைத்தால், அதே புள்ளிகளில் பெட்டி 1.25, 4, 6.75, 8 மீட்டரில் இருக்கும். முதல் கால் வினாடியில் 1.25 மீட்டர் மட்டுமே நகர்ந்த பெட்டி, நடுவில் உள்ள இரண்டு கால் வினாடிகளிலும் 2.75 மீட்டர் வீதம் பாய்கிறது. இரண்டிலும் டைமிங் ஒன்றே; 24 ஃப்ரேம் பயணம். மாறியது ஸ்பேசிங், அதாவது அந்தக் காலத்துக்குள் தூரம் பங்கிடப்பட்ட விதம். கையால் வரைந்த காலத்தில் முதன்மை ஓவியர்கள் தாளின் ஓரத்தில் சிறு கோடுகள் இட்டு, இடைப்பட்ட ஓவியங்கள் எங்கெங்கே நெருங்க வேண்டும், எங்கெங்கே விலக வேண்டும் என்று உதவி ஓவியர்களுக்குக் குறித்துக் கொடுத்தார்கள். கிராஃப் எடிட்டரில் நாம் செய்வது அதே வேலைதான். உதவி ஓவியர் இருந்த இடத்தில் இப்போது கணினி இருக்கிறது.

ஹேண்டில்களை மூன்று கேள்விகளால் தேர்ந்தெடுத்தல்

பிளெண்டரில் புதிய கீஃப்ரேம் இயல்பாக பெஸியர் வகையாகவே அமையும். ரெனோ கார் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் பியர் பெஸியரின் பெயரைத் தாங்கிய இந்த வளைகோடு, கார்களின் உடற்பகுதியை வடிவமைக்கப் பயன்பட்டது. இன்று காலத்தை வடிவமைக்கவும் நமக்கு உதவுகிறது. ஒவ்வொரு கீஃப்ரேமுக்கும் இருபுறமும் இரண்டு ஹேண்டில்கள் உண்டு. இடப்பக்க ஹேண்டில் பொருள் எப்படி வந்து சேர்கிறது என்பதையும், வலப்பக்க ஹேண்டில் எப்படிப் புறப்படுகிறது என்பதையும் தீர்மானிக்கின்றன. கிராஃப் எடிட்டரில் கீஃப்ரேமைத் தேர்ந்தெடுத்து வி விசையை அழுத்தினால் ஹேண்டில் வகைகள் வரும்.

பொருள் அங்கே நிற்கிறது என்றால், ஹேண்டில்கள் கிடையாக இருக்க வேண்டும். ஆட்டோ கிளாம்ப்ட் என்ற வகை, வளைகோட்டின் உச்சியிலும் அடியிலும் இதைத் தானாகவே செய்துவிடும். பிளெண்டரின் இயல்பான தேர்வும் அதுவே.

பொருள் அவ்விடத்தைக் கடந்து போகிறது என்றால், கோடு சாய்வு மாறாமல் கீஃப்ரேமுக்குள் நுழைந்து வெளியேற வேண்டும். ஆட்டோமேட்டிக் அல்லது அலைண்ட் இதற்கு ஏற்றது. அலைண்டில் இரு ஹேண்டில்களும் எப்போதும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால், ஒன்றைத் திருப்பினால் மற்றதும் திரும்பும், கோடு ஒடியாது.

பொருள் மோதுகிறது என்றால், கோடு அங்கே ஒடிய வேண்டும். சுவரில் மோதும் பந்தும், ஆணியில் இறங்கும் சுத்தியலும், மேசை மீது அறையப்படும் கையும் மெதுவாகி வந்து தொடுவதில்லை. முழு வேகத்தில் வந்து அதே கணத்தில் திசை மாறுகின்றன, அல்லது சட்டென நின்றுவிடுகின்றன. இதற்கு, இரு ஹேண்டில்களையும் தனித்தனியே திருப்ப விடும் ஃப்ரீ, அல்லது வெக்டர் வகை வேண்டும். வழுவழுப்பான அசைவு வேண்டும் என்பதற்காக இந்த முறிவுகளையும் வளைத்துவிடுவதே, நான் பார்த்தவரையில் மிக அதிகமாக நடக்கும் பிழை.

துள்ளும் பந்து: கீஃப்ரேம் கீஃப்ரேமாக

பயிற்சிக்கு இதைவிடச் சிறந்த ஒன்றை நான் அறியேன். மேலே சொன்ன மூன்று நிலைகளும் இதில் வருகின்றன. செய்தது சரியா என்று இயற்பியலே சொல்லிவிடும்.

முதல் படி. ஒரு பந்தை உருவாக்கி, அது தரையைத் தொடும் நிலையில் இசட் மதிப்பு 0 ஆக இருக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பந்தின் ஆரிஜின் புள்ளியை (அதன் இடத்தை அளக்க உதவும் மையப்புள்ளியை) அதன் அடிப்பாகத்துக்கு நகர்த்திவிட வேண்டும். என் (N) விசையை அழுத்தினால் திறக்கும் பலகத்தில், இசட் இடப்பெயர்ச்சியின் மேல் வலச்சொடுக்கு செய்து இன்சர்ட் சிங்கிள் கீஃப்ரேம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஐ விசையால் கீஃப்ரேம் இட்டால் மூன்று அச்சுகளுக்கும் சேர்ந்து பதிவாகிவிடும். தேவையில்லாத கீஃப்ரேம்கள் பின்னால் தொல்லை தரும்.

இரண்டாம் படி. உயரங்களை இடுங்கள். ஓய்விலிருந்து விழும் பொருள் அரை வினாடியில், அதாவது 12 ஃப்ரேம்களில், சுமார் 1.225 மீட்டர் விழும். எனவே 1-ஆம் ஃப்ரேமில் 1.225, 13-இல் 0. பிறகு பந்து எழும் ஒவ்வொரு முறையும் உயரம் குறையும். உயரம் குறைந்தால் அதற்கு எடுக்கும் நேரமும் குறைந்தே ஆக வேண்டும். 22-இல் 0.69, 31-இல் 0, 38-இல் 0.42, 45-இல் 0, 50-இல் 0.21, 55-இல் 0. எழுவதற்கு 9, 7, 5 ஃப்ரேம்கள். விழுவதற்கும் அதே அளவு. உயரத்தை மட்டும் குறைத்துவிட்டு நேரத்தை மாற்றாமல் விட்டால், கடைசித் துள்ளல்கள் நிலவில் நடப்பது போலத் தோன்றும்.

மூன்றாம் படி. இப்போது ஓட்டிப் பார்த்தால் பந்து தரையை நெருங்கும்போது மெதுவாகி, தரையை மெல்லத் தடவிவிட்டு எழும். காரணம், 13, 31, 45-ஆம் ஃப்ரேம்களை மென்பொருள் நிற்கும் இடங்களாக எடுத்துக்கொண்டு ஹேண்டில்களைக் கிடையாக்கிவிட்டது. அவை மோதும் இடங்கள். அந்த மூன்றையும், இறுதியில் உள்ள 55-ஐயும் தேர்ந்தெடுத்து வி அழுத்தி வெக்டர் ஆக்குங்கள். வளைகோடு தரையில் கூர்முனையாக மாறும். பந்து உடனே பந்து போலத் துள்ளத் தொடங்கும்.

நான்காம் படி. பலரும் மூன்றாம் படியோடு நிறுத்திவிடுகிறார்கள். வெக்டர் ஹேண்டில் அடுத்த கீஃப்ரேமை நோக்கி நேராக நீள்வதால், தரையைத் தொடும் வேகம் அந்த விழுதலின் சராசரி வேகத்துக்குச் சமமாக இருக்கும். உண்மையில் ஓய்விலிருந்து விழும் பொருளின் இறுதி வேகம் சராசரியைப் போல இரு மடங்கு: இங்கே சராசரி வினாடிக்கு 2.45 மீட்டர், தரையைத் தொடும்போது 4.9 மீட்டர். ஆகவே ஹேண்டிலை இன்னும் செங்குத்தாக்க வேண்டும். 13-ஆம் ஃப்ரேம் கீஃப்ரேமை ஃப்ரீ வகைக்கு மாற்றி, கிராஃப் எடிட்டரின் பக்கப் பலகத்தில் உள்ள எஃப்-கர்வ் தாவலில் இடப்பக்க ஹேண்டிலுக்கு ஃப்ரேம் 9, மதிப்பு 0.817 என்று நேரடியாக எண்களை இடலாம். உச்சியில் உள்ள 1-ஆம் ஃப்ரேமின் வலப்பக்க ஹேண்டில் ஃப்ரேம் 5-இல், 1.225 என்ற மதிப்பிலேயே கிடையாக இருக்க வேண்டும். விதி எளியது: ஹேண்டில்களின் நீளம் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு, தரையிலிருந்து புறப்படும் ஹேண்டிலின் உயரம் உச்சியின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. மேல்நோக்கி எழும் பக்கமும் இதே கணக்குதான். 13-இன் வலப்பக்க ஹேண்டில் ஃப்ரேம் 16, மதிப்பு 0.46.

எண்களை இட விருப்பமில்லாதவர்களுக்கு வேறு வழி உண்டு. பிளெண்டரில் ஒரு கீஃப்ரேமின் இன்டர்போலேஷன் வகை (இடைப்பட்ட மதிப்புகளை நிரப்பும் முறை), அதிலிருந்து அடுத்த கீஃப்ரேம் வரை உள்ள பகுதிக்குப் பொருந்தும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து டி (T) அழுத்திக் குவாட்ராடிக் ஆக்குங்கள். பிறகு உச்சியில் உள்ளவற்றுக்குக் கண்ட்ரோல் + ஈ அழுத்தி ஈஸ் இன் கொடுங்கள், தரையில் உள்ளவற்றுக்கு ஈஸ் அவுட் கொடுங்கள். இதே பரவளைவு துல்லியமாகக் கிடைத்துவிடும்.

ஐந்தாம் படி, சரிபார்ப்பு. முதல் விழுதலில் 4, 7, 10, 13-ஆம் ஃப்ரேம்களில் உயரம் முறையே 1.148, 0.919, 0.536, 0 என்று வர வேண்டும். மூன்று மூன்று ஃப்ரேம்களாக விழுந்த தூரத்தைப் பார்த்தால் சுமார் 7.7, 23, 38, 54 சென்டிமீட்டர். இது 1, 3, 5, 7 என்ற விகிதம். விழும் பொருள்கள் சம காலங்களில் இந்த ஒற்றைப்படை எண்களின் விகிதத்தில் தூரம் கடக்கின்றன என்பதைக் கலிலியோ கண்டறிந்தார். இந்த விகிதம் மனப்பாடமாக இருந்தால், வரைபடம் இல்லாமலே எந்த விழுதலையும் சரிபார்க்கலாம்.

ஆறாம் படி. பந்து முன்னோக்கியும் போக வேண்டும். எக்ஸ் அச்சில் 1-ஆம் ஃப்ரேமில் 0, 55-ஆம் ஃப்ரேமில் 3 என்று இரண்டே கீஃப்ரேம்கள் இட்டு, டி (T) அழுத்தி லீனியர் ஆக்குங்கள். காற்றில் பறக்கும் பந்தைக் கிடைமட்டத்தில் பெரிதாகத் தடுக்க எதுவும் இல்லாததால் அதன் முன்னோக்கிய வேகம் ஏறக்குறைய மாறாது. ஒவ்வொரு துள்ளலிலும் எக்ஸுக்கும் ஈசிங் கொடுத்தால் பந்து காற்றில் தயங்கித் தயங்கிப் போகும். லீனியர் என்றாலே இயந்திரத்தனம் என்ற கருத்து பரவலாக இருக்கிறது. இங்கே லீனியர்தான் உயிருள்ள தேர்வு. 55-க்குப் பிறகு பந்து உருண்டு நிற்கும் பகுதிக்கு மட்டும் வேகம் மெல்லக் குறையும் ஈசிங் வேண்டும்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இதே பயிற்சியைச் செய்பவர்கள், பொசிஷன் பண்பின் மேல் வலச்சொடுக்கு செய்து செப்பரேட் டைமென்ஷன்ஸ் கொடுத்த பிறகே தொடங்க வேண்டும். இல்லையெனில் எக்ஸுக்கும் ஒய்க்கும் ஒரே வேகக் கோடு மட்டுமே இருக்கும். உயரத்துக்கு ஒரு ஈசிங், முன்னகர்வுக்கு வேறொன்று என்று பிரிக்கவே முடியாது.

ஈஸ் இன், ஈஸ் அவுட்: பெயர் தரும் குழப்பம்

பிளெண்டரின் ஈஸ் இன் என்பது பகுதியின் தொடக்கத்தில் மெதுவாகப் புறப்பட்டுப் பிறகு வேகமெடுப்பது. வலைத்தளங்களை எழுதும் சிஎஸ்எஸ் மொழியிலும் அப்படியே. ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் ஈசி ஈஸ் இன்னோ, ஒரு கீஃப்ரேமுக்குள் வந்து சேரும்போது மெதுவாவது, ஏறத்தாழ எதிர்ப்பொருள். ஒன்று பகுதியைப் பார்த்துப் பெயரிடுகிறது, மற்றொன்று கீஃப்ரேமைப் பார்த்துப் பெயரிடுகிறது. குழுவாக வேலை செய்யும் இடங்களில் இந்தச் சொற்களைத் தவிர்த்து, "புறப்படும்போது மெதுவாக", "சேரும்போது மெதுவாக" என்று சொல்லிக்கொள்வதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். அதன் பிறகு திருத்தங்கள் தலைகீழாக வந்து சேருவது நின்றுவிட்டது.

டி (T) விசையின் மெனுவில் சைனுசாய்டல் தொடங்கி எக்ஸ்பொனென்ஷியல், சர்குலர் வரை ஒரு வரிசை உண்டு. ராபர்ட் பென்னர் என்ற நிரலாளர் தொகுத்த ஈசிங் சமன்பாடுகளின் வழியில் வந்தவை இவை. சைனுசாய்டல் மிக மென்மையானது. க்யூபிக், குவார்டிக் என்று போகப் போக வேறுபாடு கூர்மையாகும். பேக், பவுன்ஸ், எலாஸ்டிக் ஆகிய மூன்றும் எழுத்துகளும் சின்னங்களும் திரைக்குள் வரும் வேலைகளுக்கு நல்லவை. உயிருள்ள பாத்திரங்களுக்கு அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்பதே என் கருத்து. எல்லா மூட்டுகளும் ஒரே வாய்பாட்டில் துள்ளுவது உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

எவ்வளவு ஈசிங் போதும்?

ஹேண்டிலை நீட்ட நீட்ட அசைவு மென்மையாகிறது என்று நினைப்பது இயல்பு. உண்மையில் ஓரங்கள் மென்மையாகும்போது நடுப்பகுதி கடுமையாகிறது, ஏனென்றால் கடக்க வேண்டிய தூரம் குறையவில்லை. இரு முனைகளிலும் கிடையான ஹேண்டில்கள் சம நீளத்தில் இருந்தால், நடுவில் எட்டும் உச்ச வேகத்தைக் கணக்கிடுவது எளிது: ஹேண்டில் நீளம் மொத்தக் கால அளவில் எந்தப் பின்னமோ அதை 1-லிருந்து கழித்து, வரும் எண்ணால் 1-ஐ வகுத்தால், உச்ச வேகம் சராசரியைப் போல எத்தனை மடங்கு என்பது கிடைக்கும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் எஃப்9 அழுத்தினால் வரும் ஈசி ஈஸின் இன்ஃப்ளூயன்ஸ் (ஹேண்டில் நீளத்தை அங்கே குறிக்கும் பெயர்) 33.33 விழுக்காடு; உச்ச வேகம் 1.5 மடங்கு. 50 விழுக்காட்டில் 2 மடங்கு. 75-இல் 4 மடங்கு. 90-இல் 10 மடங்கு.

இதைத் திரையில் வைத்துப் பாருங்கள். 1920 பிக்சல் அகலமுள்ள திரையை ஒரு தலைப்பெழுத்து 24 ஃப்ரேம்களில் கடக்கிறது என்றால், சராசரியாக ஃப்ரேமுக்கு 80 பிக்சல். 75 விழுக்காடு ஈசிங் கொடுத்தால் நடுவில் ஃப்ரேமுக்கு ஏறத்தாழ 320 பிக்சல் தாவும்; கண் அதைத் தொடர்ச்சியான அசைவாகப் பார்க்காது, விட்டுவிட்டுத் தெரியும் துண்டுகளாகவே பார்க்கும். வழுவழுப்புக்காகக் கொடுத்த ஈசிங்கே வெட்டுக்குக் காரணமாகிவிடுகிறது. அவ்வளவு ஈசிங் வேண்டுமென்றால் கால அளவைக் கூட்டலாம், மோஷன் பிளர் (வேகத்தால் ஏற்படும் மங்கல்) சேர்க்கலாம். அல்லது புறப்படும் பக்கத்தில் சிறியதும் சேரும் பக்கத்தில் பெரியதுமாக ஹேண்டில்களைச் சமமில்லாமல் அமைக்கலாம். கடைசியில் சொன்னது பெரும்பாலான இடங்களில் அழகாகவும் இருக்கும். சட்டெனப் புறப்பட்டு, நிதானமாக வந்து அமரும் அசைவைக் கண் எளிதில் பின்தொடர்கிறது.

நடுவில் தடுக்கி நிற்கும் அசைவுகள்

ஒரு கேமரா மூன்று புள்ளிகளைக் கடந்து செல்ல வேண்டும் என்று மூன்றுக்கும் கீஃப்ரேம் இட்டு, மூன்றுக்கும் ஈசி ஈஸ் கொடுத்தால், நடுப்புள்ளியில் கேமரா நின்றுவிட்டு மீண்டும் புறப்படும். அது கடக்கும் கீஃப்ரேம். நிற்கும் கீஃப்ரேம் அன்று. ஹேண்டிலைச் சாய்வோடு ஒத்துப்போக வைப்பது முதல் தீர்வு. அந்தக் கீஃப்ரேம் தேவைதானா என்று கேட்டு அழித்துவிடுவது பல நேரங்களில் அதைவிடச் சிறந்த தீர்வு. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் நடுக் கீஃப்ரேம்களுக்கு ரோவ் அக்ராஸ் டைம் கொடுத்தால், மென்பொருளே அவற்றின் நேரத்தை நகர்த்தி வேகத்தைச் சீராக்கிவிடும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு: நிற்க வேண்டிய இடத்தில் நழுவுவது. ஒரு பாத்திரத்தின் பாதம் 20-இலிருந்து 32-ஆம் ஃப்ரேம் வரை தரையில் அசையாமல் இருக்க வேண்டும் என்று இரண்டிலும் ஒரே மதிப்பை இட்டேன். ஆனால் ஹேண்டில்கள் ஆட்டோமேட்டிக் வகையில் இருந்ததால், வளைகோடு 20-ஐத் தாண்டிச் சற்றுக் கீழிறங்கிப் பிறகு மேலேறி 32-ஐ அடைந்தது. பாதம் தரைக்குள் புதைந்து எழுந்தது. ஒட்டுமொத்த அசைவையும் ஓட்டிப் பார்த்தபோது ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றியதே தவிர, காரணம் தெரியவில்லை. கிராஃப் எடிட்டரில் அந்த ஒரு வளைகோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தரை மட்டத்துக்குக் கீழே தொங்கிய சிறு வயிறு கண்ணில் பட்டது. ஒரே மதிப்புள்ள இரண்டு அடுத்தடுத்த கீஃப்ரேம்கள் எங்கே இருந்தாலும், அவற்றுக்கு ஆட்டோ கிளாம்ப்ட் கொடுத்துவிடுங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இதே சிக்கல் பாதையில் வரும். கீஃப்ரேம் இன்டர்போலேஷன் பெட்டியில் ஸ்பேஷியல் என்பதை லீனியர் ஆக்கினால் தீரும்.

சுழன்று வரும் அசைவு: ஊஞ்சல்

2.25 மீட்டர் நீளக் கயிற்றில் ஆடும் ஊஞ்சல் ஒருமுறை போய்த் திரும்ப ஏறத்தாழ 3 வினாடி எடுக்கும். வினாடிக்கு 24 ஃப்ரேம் கணக்கில் 72 ஃப்ரேம்கள். 1-ஆம் ஃப்ரேமில் ஒரு பக்க உச்சி, 37-இல் மறுபக்க உச்சி, 73-இல் மீண்டும் முதல் உச்சி. நடுவில், ஊஞ்சல் நேராகத் தொங்கும் இடத்தில் கீஃப்ரேம் இட வேண்டாம். அங்கேதான் வேகம் உச்சத்தில் இருக்கிறது. அங்கே ஒரு கீஃப்ரேம் இட்டு ஹேண்டிலைத் தவறவிட்டால் ஊஞ்சல் நடுவில் இடறும். மூன்று கீஃப்ரேம்களுக்கும் சைனுசாய்டல், ஈஸ் இன் அண்ட் அவுட் கொடுத்து, ஷிஃப்ட் + ஈ அழுத்தி மேக் சைக்ளிக் என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஊஞ்சல் முடிவின்றி ஆடும். 73-ஆம் ஃப்ரேமும் 1-ஆம் ஃப்ரேமும் ஒரே படம் என்பதால், சுழலும் வீடியோவாக எடுக்கும்போது 1 முதல் 72 வரை மட்டுமே ரெண்டர் செய்ய வேண்டும். 73-ஐயும் சேர்த்துவிட்டால் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு ஃப்ரேம் அளவுக்கு ஒரு தயக்கம் தெரியும்.

பாத்திர அசைவு: நிலைகளிலிருந்து ஓட்டத்துக்கு

பாத்திர அசைவில், முதலில், அடுத்த கீஃப்ரேம் வரை மதிப்பு மாறாத கான்ஸ்டன்ட் வகையில் நிலைகளை மட்டும் வைத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்துகொள்வது நல்ல பழக்கம். பிறகு எல்லாவற்றையும் பெஸியர் ஆக்கும் கணத்தில் அதுவரை இருந்த உறுதியெல்லாம் கரைந்துவிட்டது போலத் தோன்றும். 10-ஆம் ஃப்ரேமில் ஒரு நிலை, 30-இல் அடுத்தது என்றால், முன்பு 20 ஃப்ரேம் உறுதியாக நின்ற உடல் இப்போது அந்த 20 ஃப்ரேமும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. மாற்றம் 6 ஃப்ரேமில் நடக்க வேண்டும் என்றால், 10-இல் உள்ள நிலையை ஷிஃப்ட் + டி (D) மூலம் 24-க்கு நகலெடுங்கள். அந்த நகலில் தலையையோ மார்பையோ மிகச் சிறிதளவு மாற்றினால், நிற்கும் வேளையிலும் உடல் மூச்சோடு இருக்கும்.

அதன் பிறகு இடைநிலை. 24-க்கும் 30-க்கும் நடுவில் 27-இல் போஸ் மெனுவின் இன்-பிட்வீன்ஸ் பகுதியில் உள்ள பிரேக்டவுன் கருவியால் ஒரு நிலையை உருவாக்கி, அதை முந்தைய நிலைக்கு நெருக்கமாகத் தள்ளினால் அசைவு தயங்கிப் பாயும். பிந்தைய நிலைக்கு நெருக்கமாகத் தள்ளினால் பாய்ந்து அமரும். ஹேண்டில்களோடு மல்லுக்கட்டுவதைவிட இது விரைவானது.

எல்லா மூட்டுகளும் ஒரே ஃப்ரேமில் புறப்பட்டு ஒரே ஃப்ரேமில் நின்றால், எவ்வளவு நல்ல ஈசிங்கும் பொம்மைத்தனத்தை மறைக்காது. கையசைப்பில் தோள்பட்டையின் கீஃப்ரேம்களை அப்படியே விட்டு, முழங்கையுடையவற்றை 2 ஃப்ரேமும் மணிக்கட்டுடையவற்றை 4 ஃப்ரேமும் தள்ளி வையுங்கள்.

ஈசிங்கால் தீராத நடுக்கங்கள்

சில நேரங்களில் வளைகோடு அழகாக இருந்தும் பொருள் துடிக்கும். சுழற்சி மதிப்பு 179 பாகையிலிருந்து திடீரென -180-க்குத் தாவியிருந்தால், டிஸ்கன்டின்யூட்டி ஆய்லர் ஃபில்டர் அதைச் சரிசெய்யும். குவாட்டர்னியன் முறையில் (சுழற்சியை நான்கு எண்களால் குறிக்கும் முறையில்) உள்ள எலும்புகளின் நான்கு வளைகோடுகளில் ஒன்றை மட்டும் தனியாக இழுக்க வேண்டாம். நான்கும் சேர்ந்தே ஒரு சுழற்சி. கீஃப்ரேம்களைச் சுருக்கி விரித்த பிறகு அவை 14.37 போன்ற பின்னங்களில் உட்கார்ந்திருக்கும். ஷிஃப்ட் + எஸ் மெனுவில் அருகில் உள்ள ஃப்ரேமுக்கு ஒட்ட வைக்கலாம். மோஷன் கேப்ச்சர் (நடிப்பவரின் அசைவைப் பதிவு செய்த) தரவில் ஒவ்வொரு ஃப்ரேமிலும் கீஃப்ரேம் இருக்கும் என்பதால் அங்கே ஹேண்டில்களுக்கு வேலையே இல்லை. கீ மெனுவில் உள்ள டெசிமேட் கொண்டு எண்ணிக்கையைக் குறைத்த பிறகே ஈசிங்கைப் பற்றி யோசிக்க முடியும். குறைக்கும்போது பாதம் தரையைத் தொடும் ஃப்ரேம்கள் தப்புகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் பலியாகும் முறிவுகள் அவையே.

கடைசிச் சரிபார்ப்பு

ஆப்ஜெக்ட் பண்புகளில் மோஷன் பாத்ஸ் பகுதிக்குப் போய் கால்குலேட் கொடுங்கள். பொருள் சென்ற வழி, ஃப்ரேமுக்கு ஒரு புள்ளியாகத் திரையில் வரும். பாத்திரம் என்றால் மணிக்கட்டு, இடுப்பு, மூக்கு நுனி ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாக எடுத்துப் பார்ப்பேன். நிற்கும் இடத்தில் புள்ளிகள் படிப்படியாக நெருங்கி ஒன்றன்மேல் ஒன்று குவிய வேண்டும். கடக்கும் இடத்தில் இடைவெளி சீராகத் தொடர வேண்டும். மோதும் இடத்தில் கடைசி இடைவெளியே மிகப் பெரியதாக இருந்து, உடனே திசை மாற வேண்டும். வரிசையில் ஒரே ஒரு புள்ளி மட்டும் பக்கத்தில் உள்ளவற்றோடு ஒட்டாமல் விலகியோ நெருங்கியோ நின்றால், அதன் ஃப்ரேம் எண்ணைக் குறித்துக்கொண்டு கிராஃப் எடிட்டருக்குத் திரும்பி, அந்த எண்ணுக்கு இருபுறமும் உள்ள இரண்டு ஹேண்டில்களை மட்டும் தொடுங்கள்.